கமலம் நிற்க வேண்டிய இடம்

இப்போதெல்லாம் யாரும் எதையும் செய்வதில்லை. செய்கிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சோறு வந்தால் ஆறிப்போகிற வரைக்கும் படம். குழந்தை விழுந்தால் தூக்குவதற்கு முன்னால் படம். எங்கள் தெருவில் ஒருத்தன் புது மாடு வாங்கினான். அதற்குத் தண்ணி காட்டாமல் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். மாடு அவன் காலிலேயே மூத்திரம் பெய்தது, அதுவும் படத்தில் விழுந்திருக்கிறதாம். இதிலெல்லாம் பெரிய கூத்து, கல்யாணத்துக்கு முன்னாலேயே புருசன் பொண்டாட்டி மாதிரி ஊர் ஊராகப் போய் எடுக்கிறதுதான். தாலி இன்னும் தட்டான் கடையில் இருக்கிறது, இங்கே இடுப்பில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கேட்டால் ஷூட்டிங் என்கிறார்கள்.

அந்தக் கூத்துக்கு நானும் ஒரு நாள் போய் வந்தேன். போனது பொம்பளை ஆளாக.

என் பேத்தி சோபனாவுக்குத் தை மாதம் கல்யாணம். அவளுடைய அம்மா கமலம் என் மகள். கமலம் ஆடி மாதம் செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அவள் புருசன் எப்போதோ வேறொருத்தியோடு ஓசூர் பக்கம் போய்விட்டான். ஆம்பூரில் ஷூ கம்பெனி மெஷினில் உட்கார்ந்து தைத்துத்தான் அவள் சோபனாவை நர்சுக்குப் படிக்கவைத்தாள். சோபனா இப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். சாவன்று அவள் அழவில்லை. நானும் அழவில்லை. ஊர் பேசியது. பேசட்டும். வராததை எங்கே போய்க் கொண்டுவருவது?

வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரொம்ப நாள் தள்ளிப்போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பூ வைத்து நிச்சயம் செய்தது கமலம் இருக்கும்போதே நடந்தது. அதனால் மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டபோது நானும் சரி என்றேன். மாப்பிள்ளை செல்வகுமார் ஆம்பூரில் இன்னொரு ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கிறான். செய்து முடித்த ஷூவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ரிஜக்ட் போடுகிற வேலை. எனக்கு முதல் நாளிலிருந்தே அவன் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். எதிரில் இருக்கிறவர்கள் என்ன சொன்னாலும் தலையாட்டுவான்.

கோலார் தங்கவயலுக்குப் போக வேண்டும் என்றது அவன்தான். அங்கே மூடிக் கிடக்கிற சுரங்கங்கள், இடிந்த வீடுகள், மண்மேடு எல்லாம் இருக்கிறதாம். அவனோடு வேலை செய்கிறவன் ஒருத்தன் போய் எடுத்துக்கொண்டு வந்தானாம்.

"இடிஞ்ச எடம்தான் வேணும்னா நம்ம பேரணாம்பட்டுலயே மூடின தோல் ஷாப்பு எத்தினி கெடக்குது? அங்க எடுக்கறது தானே?" என்று கேட்டேன். நான் அந்தத் தோல் பதனிடுகிற ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் நின்றே கிழவனானவன்.

"அது வேற ஃபீல் தாத்தா," என்றான்.

"அது நாறும், இது நாறாது. அதான ஃபீலு?"

அதற்கும் தலையாட்டினான்.

என் சம்சாரத்தின் அண்ணன் ஒருத்தர் அந்தச் சுரங்கத்தில் இறங்கினவர். இருமி இருமியே செத்தார். அந்த ஊரைப் பற்றி எனக்கு அதற்கு மேல் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. நான் போனது செல்வகுமாரின் அம்மாவால். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் தனியாக அனுப்ப முடியாது, பெண் வீட்டிலிருந்து ஒரு பொம்பளை ஆள் கூடப் போகட்டும் என்று அந்தம்மா சொல்லிவிட்டாள். என் சம்சாரமும் போய்ச் சேர்ந்துவிட்டாள், எங்கள் வீட்டில் பொம்பளை ஆளுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹான் வருவதாக இருந்தது. கிளம்புகிற அன்று அவள் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. துணி குத்துகிற ஊக்கு டப்பாவை மட்டும் என் கையில் கொடுத்து, "நீங்களே போய்ட்டு வந்துடுங்க நைனா, குத்திவிடத் தெரியும்ல?" என்றாள். தெரியாது. போனேன்.

வண்டி ஜான் பாஷாவுடையது. எங்கள் தெருக்காரன், வாய் ஜாஸ்தி. போட்டோ எடுக்கிறவன் பூவரசன். தாடி வைத்த பையன். கமலத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துக் கொடுத்ததும் இவன்தான். கம்பெனி அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிசாக்கினான். தெருமுனையில் கட்டியிருந்தபோது நான் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனேன்.

பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறும்போது சோபனா மடியில் இருந்த பையைத் திறந்து ஒரு புடவையை எடுத்தாள். மயில்கழுத்து நிறப் பட்டு. கமலத்துடையது.

"இத எதுக்குடி எடுத்தாந்த?" என்றேன்.

"அம்மா படத்துல நிக்கப் போறாங்க தாத்தா."

எனக்குப் புரியவில்லை. பூவரசன் முன் சீட்டிலிருந்து திரும்பி விளக்கம் சொன்னான். இவர்கள் இரண்டு பேரும் நிற்கும்போது சோபனா பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விடுவார்களாம். அவன் பின்னால் கம்ப்யூட்டரில் கமலத்தை இந்தப் புடவையோடு அந்த இடத்தில் ஒட்டிவிடுவானாம்.

"இப்ப எல்லாரும் பண்றாங்க தாத்தா. போன மாசம் ஒடுகத்தூர்ல ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பா செத்து ரொம்ப வருசம் ஆச்சு. ஆல்பத்துல அவருதான் பொண்ணக் கையப் புடிச்சிக் குடுக்கறாரு."

"செத்தவன் குடுத்தத மாப்ள வாங்கிக்கினானா?"

"வாங்கிக்கினு அழுதாரு தாத்தா."

ஜான் பாஷா கண்ணாடியில் பார்த்தான். "ஏம்பா தம்பி, இல்லாதவங்கள ஒட்ற மாதிரி இருக்கறவங்கள வெட்டி எடுக்கவும் முடியுமா? எங்க மாமியார் எங்க நிக்காஹ் படம் எல்லாத்துலயும் நடுவுலயே நிக்கிறாங்க."

செல்வகுமார் கையைத் தட்டிச் சிரித்தான். சோபனா சிரிக்கவில்லை. புடவையைத் திரும்ப மடித்தாள்.

"எங்கிட்ட அம்மாவும் நானும் சேந்து நிக்கற படம் ஒண்ணுகூட இல்ல தாத்தா," என்றாள். "நான் நின்னா அவங்க எடுப்பாங்க. அவங்க நின்னா, நான் நல்லா இல்ல போடின்னு போய்டுவாங்க. பெருசா இருக்கறது அந்தச் சாவு பேனரு ஒண்ணுதான். அத எடுத்துக்கினு நான் இன்னொரு வீட்டுக்குப் போறதா?"

ஒட்டின ஆள் வந்து நிற்பாளா என்று கேட்க வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செல்வகுமாரின் போன் அடித்தது. "வந்துக்கினே இருக்கோம்மா... ஆமாம்மா... பேசிக்கலாம்மா," என்று வாயைப் பொத்திக்கொண்டு பேசினான்.

வி.கோட்டா தாண்டி, கர்நாடகத்துக்குள் நுழைந்து, தங்கவயல் போனபோது நல்ல வெயில். முதலில் மண்மேடு. மலை மாதிரி இருக்கிறது, ஆனால் மலை இல்லை. கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி உண்டானதாம். சாம்பல் நிறம். மழை அரித்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்து கிடக்கிறது. ஒரு புல் கிடையாது. தோல் ஷாப்புக் கழிவு கொட்டின நிலமும் இப்படித்தான் இருக்கும். அங்கே எவனும் ஜோடியாகப் போய் நிற்பதில்லை.

சோபனா வண்டிக்குள் போய் ஒரு சிவப்புக் கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். வாடகைத் துணி. தோளில் தொளதொளவென்று நின்றது. நான்தான் ஊக்கு குத்தினேன். என் கை தோல் உரித்துக் காய்த்த கை, ஊக்கு நிற்காமல் நழுவியது. ஒரு தடவை அவள் தோளில் குத்திவிட்டேன். அவள் ஆவென்றுகூடச் சொல்லவில்லை.

"வலிக்கலயாடி?"

"இல்ல தாத்தா. குத்து."

கவுனுக்குப் பின்னால் வால் மாதிரி நீளமாக ஒரு துணி. அதைப் பிடித்து மேலே எறிந்துவிட்டு ஜான் பாஷா ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும். துணி காற்றில் பறக்கும்போது படம் எடுக்க வேண்டும். அவன் தொப்பையோடு ஓடி ஓடி ஒளிந்தான். "இந்த வயசுல எனக்கு இது தேவையா நைனா?" என்று மேட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டான். பூவரசன், "சிஸ்டர், ஒரு சிரிப்பு. ஒண்ணே ஒண்ணு," என்று கெஞ்சினான். அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஊசி போடுவதற்கு முன்னால் அப்படித்தான் சிரிப்பாளாக இருக்கும்.

அப்புறம் இடம் விட்டு நிற்கிற படம். சோபனா வேறொரு புடவைக்கு மாறி வந்தாள். செல்வகுமார் வலது பக்கம், அவள் நடுவில், இடது பக்கம் காலி. பூவரசன் இரண்டு மூன்று எடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நெழல் ஒதைக்குது சிஸ்டர். உங்க ரெண்டு பேருக்கும் நெழல் விழுது. அம்மாவுக்கு நெழல் இல்லன்னா வெட்டி ஒட்னது தெரிஞ்சிடும். யாராச்சும் அந்த எடத்துல நின்னா, ஆள அழிச்சுட்டு நெழல மட்டும் வெச்சுக்கலாம்."

எல்லோரும் ஜான் பாஷாவைப் பார்த்தார்கள். பூவரசன் கையால் அளந்து, பாஷா அகலம் ஜாஸ்தி என்றான்.

"தாத்தா, நீ நில்லு," என்றாள் சோபனா. "அம்மா உன் உயரம்தான்."

"போடி. எனக்கு வேற வேல இல்ல?"

"வேற இன்னா வேல?"

உண்மையில் வேறு வேலை இல்லை. போய் நின்றேன். நின்றால் வேட்டி நிழல் புடவை நிழல் மாதிரி விழவில்லையாம். சோபனா மயில்கழுத்துப் புடவையை என் மேல் சுற்றி, முந்தானையைத் தோளில் போட்டு, ஊக்கு குத்தினாள். அவள் குத்தினது ஒரே தடவையில் நின்றது. ஜான் பாஷா பார்த்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறக்கப் போனான். என்ன நினைத்தானோ, போய் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

புடவையில் பூச்சி உருண்டை வாசனைதான் அடித்தது. கமலத்தின் வாசனை ஒன்றும் இல்லை. செத்துப்போன மகளின் புடவையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறோமே, ஏதாவது ஆகும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கால்தான் சுட்டது. தரையில் விழுந்த நிழலைப் பார்த்தேன். ஒரு பொம்பளையின் நிழல். யாருடையது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்து சுரங்கத்து ஆட்கள் இருந்த லைன் வீடுகள். ஒட்டி ஒட்டித் தகர ஓட்டோடு வரிசையாகக் கிடக்கின்றன. பாதிக்குக் கூரை இல்லை. மீதியில் ஆட்கள் இருக்கிறார்கள். பூவரசன் ஒரு நீலக் கதவைப் பார்த்து ஆசைப்பட்டு, "சூப்பர் டெக்ஸ்சர்," என்று இவர்களை அதில் சாய்ந்து நிற்கச் சொன்னான். கதவு திறந்தது. ஒரு பெண்பிள்ளை துவைத்த துணி வாளியோடு வெளியே வந்தாள்.

"எந்த ஊரு?"

"பேரணாம்பட்டு பக்கம்மா," என்றேன்.

"ஞாயித்துக்கெழம ஆனா ரெண்டு மூணு ஜோடி வந்துடுது. பாழடஞ்ச வீடுன்னு சொல்லிக்கினு வர்றாங்க. இங்க ஆளு குடியிருக்குது. போன வாரம் ஒருத்தன் எங்க கக்கூஸு செவுத்தாண்ட நின்னு முத்தம் குடுத்துக்கினு இருந்தான். உள்ள எங்க வீட்டுக்காரரு உக்காந்துக்கினு இருக்காரு."

அவள் என் மேல் சுற்றியிருந்த புடவையை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க இன்னா வேஷம்?" என்றாள்.

"இன்னும் சொல்லல," என்றேன்.

அவள் ஒதுங்கித் துணியைக் காயப் போட்டாள். இவர்கள் கூரையில்லாத வீட்டுப் பக்கம் போனார்கள். அங்கேயும் நான் இடது பக்கம் நின்றேன். அதன் பின் ஜான் பாஷா கட்டிக்கொண்டு வந்த குஸ்காவைத் தின்றோம். சோபனா கொஞ்சம் தின்றுவிட்டு உடை மாற்ற வண்டிக்குப் போனாள். நான் ஒன்றுக்குப் போகலாம் என்று புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். சுவருக்கு இந்தப் பக்கம் செல்வகுமாரும் பூவரசனும் வந்து நின்றார்கள். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

"ப்ரோ, அந்த அம்மா மேட்டரு..." என்றான் செல்வகுமார்.

"நல்லா வருது ப்ரோ. நெழல் கச்சிதமா விழுது."

"அது இல்ல. எடுக்கற மாதிரி எடுத்துடுங்க. ஒட்ட வேணாம்."

"சிஸ்டர் கேப்பாங்களே?"

"ஆல்பம் வர்றதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிடும். கார்டு கெட்டுப்போச்சு, அந்தப் படமெல்லாம் போய்டுச்சுன்னு சொல்லிக்கலாம். எங்கம்மா காலையிலேர்ந்து ஒரே பேஜார் பண்றாங்க. செத்தவள பக்கத்துல நிக்க வெச்சிக்கினு வாழப் போனா வெளங்குமான்றாங்க. சோபனாகிட்ட நேரா சொன்னா அழுவா."

"அப்போ பெரியவர வெயில்ல நிக்க வெக்கறது?"

"நிக்கட்டும். கேட்டா எடுத்தோம்னு சொல்லணும்ல."

நான் அங்கேயே நின்றேன். கோபம் வந்தது என்று சொல்ல மாட்டேன். இவன் இப்படித்தான் செய்வான் என்று தெரிந்ததுதான். சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். எனக்கே அந்தப் படத்தில் நம்பிக்கை கிடையாது. ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன? கமலம் வரப்போவதில்லை. ஆனால் ஒட்ட மாட்டேன் என்பது ஒன்று. ஒட்டுகிறேன் என்று சொல்லி ஒரு நாள் முழுக்க அந்தப் பெண்ணைக் காலி இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவது வேறு.

கடைசியாக இரும்புக் கோபுரம். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கின சக்கரம் அதன் உச்சியில் இருக்கிறது. கிட்டே விடமாட்டார்கள், வேலி போட்டிருக்கிறது. ரோட்டோரம் ஒரு திட்டில் நின்றால் பின்னால் கோபுரம் தெரியும். கமலம் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையில் சோபனா வந்தாள். மூன்று பேரும் நின்றோம்.

"சிஸ்டர், அம்மா மேல சாஞ்ச மாதிரி," என்றான் பூவரசன். நடக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே சொன்னான்.

அவள் என் தோளைச் சுற்றிக் கை போட்டாள். தலையைச் சாய்த்தாள். காலையிலிருந்து மரக்கட்டை மாதிரி நின்றவள், கொஞ்சம் கனம் கொடுத்து நின்றாள். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ம்மா," என்றாள். வேறு ஒன்றும் இல்லை. சமையலறையில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி. பதில் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"விடுடி," என்றேன். "இத ஒட்டப் போறதில்ல."

"எத?"

"உங்கம்மாவ. கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லப் போறானுங்க. நான் செவுத்துக்கு அந்தாண்ட இருந்தேன். ரெண்டு பேரும் பேசினத கேட்டேன்."

பூவரசன் காமிராவைக் கண்ணிலிருந்து எடுத்தான். செல்வகுமார் ஒரு அடி பின்னால் போனான்.

"அப்டியா செல்வா?" என்றாள் சோபனா.

"அது... தாத்தா தப்பா புரிஞ்சுக்கினாரு..."

"சுண்ணாம்புக் குழியில கை கால்தான் போச்சு, காது போகலடா," என்றேன்.

சோபனா என் தோளிலிருந்து கையை எடுத்தாள். தன் முந்தானையில் இருந்த ஊக்குகளைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடி, டப்பாவில் போட்டாள்.

"பாஷாண்ணே, வண்டிய எடுங்க. போலாம்."

"சோபி, கோச்சிக்காத."

"கோவம் இல்ல. எனக்குக் கோவம் வர்ல, அழுகையும் வர்ல. அம்மா போனதுலேர்ந்து எதுவும் வர்றதில்ல. வேணாம்னு நேரா சொல்லியிருந்தா, சரின்னு கேட்டுக்கினு போயிருப்பேன்." ஒரு ஊக்கு மாட்டிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கல்யாணம் ஆனப்புறம் இன்னும் எதெதெல்லாம் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவ?"

ஜான் பாஷா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எடு என்று சொன்னேன். வண்டி கிளம்பியிருந்தால் கல்யாணமும் அதோடு போயிருக்கும். எனக்கு அதில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கமலம் பார்த்து வைத்த இடம் என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

செல்வகுமார் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டான். "ஒரு நிமிசம். ஒரே நிமிசம்." போனை எடுத்து அவன் அம்மாவுக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"இன்னாடா, முடிஞ்சுதா?" என்றது போன். "அந்தக் கெழவன் ஒட்டிக்கினேதான் திரியறானா?"

"பக்கத்துலதாம்மா இருக்காரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் குறைந்தது.

"அம்மா, சோபனா அம்மா படத்துல நிப்பாங்க. ஒட்டத்தான் போறோம்."

"நான் சொன்னது காதுல ஏறலயா?"

"ஏறிச்சு. அவங்க இருந்துதான பூ வெச்சோம்? உனுக்கு சம்பந்திம்மா அவங்க. மண்டபத்து வாசல்ல பேனரா வெக்கல. வீட்ல மாட்டிக்கறோம்."

"எந்த வீட்ல?"

அவன் சோபனாவைப் பார்த்தான். "நம்ம வீட்லதாம்மா."

அந்தம்மா பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. "இன்னமோ பண்ணித் தொலைங்க. சாமி ரூமாண்ட மாட்டக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்," என்று வைத்துவிட்டாள்.

செல்வகுமார் போனைச் சட்டைப் பையில் போட்டான். பரவாயில்லை, ஒரு தடவையாவது தலையாட்டாமல் பேசினான். சோபனா டப்பாவைத் திறந்து ஊக்கை எடுத்தாள். "சரி," என்றாள். முந்தானையை மறுபடியும் குத்திக்கொண்டாள்.

அவ்வளவுதான். எனக்கு ஆறவில்லை. ஒரு போனில் இந்தப் பக்கம் சாய்ந்தவன் இன்னொரு போனில் அந்தப் பக்கம் சாய எத்தனை நேரம் ஆகும்? அவளிடம் சொன்னேன். "பாத்துக்கறேன் தாத்தா, வந்து நில்லு," என்றாள். நின்றேன். இந்தத் தடவை பூவரசன் ஒழுங்காக எடுத்தான். அவன் முகம் கறுத்துப்போயிருந்தது. எடுத்து முடித்ததும் நான் ஊக்கைப் பிடுங்கி, புடவையை உருவி சோபனா கையில் கொடுத்துவிட்டேன். அவள் மடித்துப் பையில் வைத்தாள்.

பூவரசன் செய்த தப்பை நேராக்க வேண்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது. "சிஸ்டர், ஆல்பத்துக்கு நல்லா செஞ்சு தர்றேன். இப்ப சும்மா போன்ல காட்றேன் பாருங்க," என்று திட்டில் உட்கார்ந்தான். பேனருக்கு வாங்கின கமலம் படம் அவன் போனிலேயே இருந்தது. முகம் இருந்தால் போதும், மீதியை ஆப்பே வரைந்துவிடும் என்று என்னவோ தட்டினான், தேய்த்தான். டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. போனை நீட்டினான்.

கோபுரம் இருந்தது. செல்வகுமார் இருந்தான். சோபனா தலையைச் சாய்த்திருந்தாள். நான் இல்லை. நான் நின்ற இடத்தில் மயில்கழுத்துப் புடவையில் ஒரு பொம்பளை நின்றாள். பற்கள் தெரியச் சிரித்தாள்.

சோபனா இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினாள். அந்த முகத்தையே பார்த்தாள். புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணீரா வேர்வையா என்று நான் பார்க்கவில்லை. வெயில் இன்னும் இருந்தது.

"இது உங்கம்மா இல்ல," என்றேன்.

"தெரியும் தாத்தா."

"கமலம் பல்லு தெரிய சிரிச்சவளே இல்ல. இந்தக் கையப் பாரு. மெஷின் ஊசி ஏறி நெகம் பொளந்துதே, அது எங்க?"

"இல்லதான்."

"நெழலு என்னுது."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்குடி இது?"

அவள் போனைப் பூவரசனிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "அந்த வீட்ல எனக்குன்னு யாரு தாத்தா இருக்கா? போறப்ப வர்றப்ப செவுத்துல ஒண்ணு இருக்கட்டும். நீ நின்ன எடம்னு எனக்குத் தெரியும். அம்மான்னு மத்தவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

செல்வகுமார் பக்கத்தில் வந்து, "நல்லாதான் வந்திருக்குல்ல தாத்தா?" என்றான். ரிஜக்ட் போடுகிறவனுக்கு அது நல்லதாகத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. மகளைப் பெற்றவன் நான், செத்த அன்று குளிப்பாட்டத் தண்ணி எடுத்துக் கொடுத்தவன் நான். அந்தப் பொம்பளை வழியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டுப் போவேன், அவ்வளவுதான். பேத்திக்கு அது போதும் என்றால் அவள் பாடு. சுவரில் மாட்டுகிற அன்றைக்கு ஆணியைப் பிடிக்கக்கூட நான் போவதாக இல்லை.

வண்டி நிழலுக்காக ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புங்க மரத்தடியில் நின்றது. நான் அதைப் பார்த்து நடந்தேன். பின்னாலிருந்து பூவரசன் கூப்பிட்டான், "தாத்தா, கடைசியா ஒண்ணே ஒண்ணு, நீங்க நீங்களாவே நிக்கற மாதிரி." காலையிலிருந்து ஒண்ணே ஒண்ணு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் திரும்பவில்லை.